சூறாவளிக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் நடத்தும் நிவாரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய சூறாவளி அடித்து ஓய்ந்த இடத்தில், வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை குடும்பங்களைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அங்கேயே குடியிருக்கும் மனிதர்கள்தான். தெருக்குழு, வழிபாட்டுத்தலக் குழு, பள்ளிப் பெற்றோர் சங்கம், மீனவர் கூட்டுறவு என்று பெயர் எதுவானாலும் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். பதில்களில் வரும் அளவுகள் பெரும்பாலும் 'ஸ்பியர்' எனப்படும் சர்வதேச மனிதநேய உதவித் தரங்களின் குறைந்தபட்ச அளவுகள். அதற்கு மேல் தர முடிந்தால் தாராளமாகத் தரலாம்.

காற்று நின்றுவிட்டது. வெளியே போய் ஆட்களைத் தேடலாமா?

திடீரென்று நின்றிருந்தால் கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் வந்திருக்கலாம். கொஞ்ச நேரம் வானம் வெளுத்து, காற்றே இல்லாதது போல இருக்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஆட்டங்கண்ட சுவரும் மரமும் இந்த இரண்டாவது அடியில் சாயும். காற்று படிப்படியாகத் தணிந்து, வானொலியில் எச்சரிக்கை விலக்கப்பட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். கடலோரம் என்றால் உள்ளே ஏறிய கடல்நீர் வடிந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள், இரண்டிரண்டு பேராகப் போங்கள். கையில் நீளமான உலர்ந்த கம்பு இருக்கட்டும். தேங்கிய நீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருந்தால் காலுக்கு முன் கம்பு காட்டிவிடும். அடிப்பாகம் தடித்த காலணி கட்டாயம். புயலுக்குப் பிந்தைய காயங்களில் ஆணி குத்துவது சர்வசாதாரணம். அறுந்து கிடக்கும் கம்பி எதிலும் மின்சாரம் ஓடுவதாகவே எண்ணுங்கள். ஊர் முழுக்க மின்சாரம் இல்லை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகாது. யாரோ ஒருவர் ஜெனரேட்டரை நேராக வீட்டு வயரிங்கில் சொருகியிருந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி ஓடும்.

முதலில் தட்ட வேண்டிய கதவுகள்: படுத்த படுக்கையாக இருப்பவர், ஆக்சிஜன் அல்லது இன்சுலின் தேவைப்படுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியே வாழும் முதியவர். இவர்கள் யார் யார் என்று புயலுக்கு முன்பே எழுதி வைத்திருந்தால்தான் இது ஆகும்.

வெளியுதவி எத்தனை நாளில் வரும் என்று கணக்கு வைப்பது?

மூன்று நாள் வராது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன்னதாக வந்தால் லாபம். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது டக்ளோபன் நகரின் விமான நிலையமே கடல்நீரில் சிதைந்தது. சாலைகளை மரங்களும் இடிபாடுகளும் அடைத்துக்கொண்டன. மீட்புக்கு வர வேண்டிய அரசு ஊழியர்களும் காவலர்களும் தங்கள் வீடுகளையும் குடும்பத்தாரையும் இழந்து நின்றார்கள். அரசுக்கு அக்கறை இல்லை என்பதால் மட்டுமே தாமதம் ஆவதில்லை. உதவி செய்ய வேண்டிய கைகளும் அதே புயலில் மாட்டிக்கொள்கின்றன.

அந்த நாட்டின் 2010ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், குடியரசுச் சட்டம் 10121, மிகச் சிறிய நிர்வாக அலகான பரங்காய் மட்டத்திலும் பேரிடர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. உள்ளாட்சி தன் வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும். அதில் 30 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கான இருப்பு. உங்கள் நாட்டில் இப்படி என்ன நிதி இருக்கிறது, அதை எடுக்க யார் கையெழுத்து வேண்டும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

குழுவில் எத்தனை பேர் வேண்டும்?

இருநூறு குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பட்டியல், கிடங்கு, தண்ணீர், தங்குமிடம், வெளித்தொடர்பு என்று ஐந்து பொறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஆள். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு: பட்டியல் எழுதுபவரும் கிடங்குச் சாவி வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நேர்மையான ஆள்தானே என்று விட்டால், பிறகு அந்த நேர்மையான ஆள் மீதுதான் பழி விழும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பது நல்லது. சொந்த வீடு போனவரை முதல் வாரத்தில் முழுநேரமாக வேலை வாங்காதீர்கள்.

பட்டியல் எடுப்பதிலேயே ஒருநாள் போய்விடுகிறது. கையில் இருப்பதை உடனே கொடுத்தால் என்ன?

தண்ணீர், சமைத்த உணவு, மருந்து ஆகிய மூன்றையும் பட்டியல் இல்லாமலே கொடுங்கள். பசியோடு இருப்பவரிடம் படிவம் நீட்டக் கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்க வேண்டிய தார்ப்பாய், உலர் உணவு, பணம் போன்றவற்றைப் பட்டியல் இல்லாமல் தொடவே கூடாது. பட்டியல் இல்லாத வினியோகத்தில் சாலையோர வீடுகளுக்கு மூன்று முறை கிடைக்கும். உள்ளே ஓடைக்கு அப்பால் இருக்கும் வீடுகளுக்கு ஒரு முறையும் கிடைக்காது. குரல் பெரியவர்கள் முன்னால் நிற்பார்கள், கைக்குழந்தைக்காரி பின்னால் நிற்பாள். நிவாரணம் தோற்கும் இடங்களில் பொருள் பற்றாததைவிட இந்த வரிசைக் கோளாறுதான் அதிகம்.

எழுதும் முறை இது. தெருவைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இருவரை அனுப்புங்கள்: ஒருவர் அந்தத் தெருக்காரர், மற்றவர் வேறு தெருக்காரர். தெருக்காரருக்கு யார் எந்த வீடு என்று தெரியும். வெளித்தெருக்காரர் இருப்பதால் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்க முடியாது. வீடு வீடாக நடந்தே எழுத வேண்டும். ஓரிடத்தில் உட்கார்ந்து "வந்து பெயர் கொடுங்கள்" என்றால், நடக்க முடியாதவர்கள் விட்டுப்போவார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு வரி போதும். வரிசை எண், பெரியவர் இருவரின் பெயர், மொத்தத் தலைகள், அதில் 2 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், மாற்றுத்திறனாளி, தொடர் மருந்து எடுப்பவர் எத்தனை பேர், வீட்டின் நிலை. வீட்டின் நிலைக்கு மூன்றே குறிகள்: குடியிருக்கலாம், கூரை போட்டால் குடியிருக்கலாம், குடியிருக்க முடியாது. "பாதி சேதம்", "முக்கால் சேதம்" என்று நுணுக்கம் பார்த்தால் சண்டைதான் வரும். எழுதியதும் அந்த வரிசை எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள். பிலிப்பைன்ஸில் அரசே இப்படிக் குடும்பத்துக்கு ஓர் அட்டை தருகிறது. எந்த உதவி என்றைக்குக் கிடைத்தது என்பது அதிலேயே பதியப்படும். அட்டை குடும்பத்தின் கையில் இருப்பதால், அடுத்து வரும் அமைப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

பட்டியலைப் பென்சிலில் எழுதாதீர்கள், ஜெல் பேனாவிலும் எழுதாதீர்கள். ஈரம் பட்டால் ஜெல் கரைந்துவிடும். பால்பாயின்ட் பேனாவில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து இருவரிடம் வையுங்கள். பெயரும் தலைகளும் மட்டும் உள்ள பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். நோய், கர்ப்பம், தனியே வாழும் பெண் போன்ற விவரங்கள் சுவருக்கு வரக் கூடாது.

ஒரே வீட்டில் மூன்று அடுப்பு. ஒரு குடும்பமா, மூன்றா?

அடுப்பை எண்ணுங்கள். புயலுக்கு முன் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் தனிக் குடும்பம். அதைவிடச் சிக்கல் குறைவான வழி, உணவைத் தலைக்கணக்கில் கொடுப்பது. அப்போது வீட்டைப் பிரித்துச் சொல்வதில் யாருக்கும் லாபம் இருக்காது. தார்ப்பாய், பாத்திரம் போன்றவற்றுக்கு மட்டும் குடும்பக் கணக்கு. வாடகைக்கு இருப்பவர், அடையாள அட்டை இல்லாதவர், வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்தவர், புறம்போக்கில் இருப்பவர் எல்லோரும் கணக்கில் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் கூரைப் பொருள் குடியிருப்பவர் கையில்தான் போக வேண்டும்.

உணவுப் பொட்டலத்தில் என்ன, எவ்வளவு?

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது திட்டமிடும் அளவு. அரிசி அல்லது மாவு 450 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம் என்றால் அந்த அளவை எட்டிவிடும். ஐந்து பேருக்கு மூன்று நாள் பொட்டலம்: தானியம் 6.75 கிலோ, பருப்பு 900 கிராம், எண்ணெய் 450 கிராம், சர்க்கரை 225 கிராம், உப்பு 75 கிராம். மொத்தம் எட்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு நாள் பொட்டலம் போட்டால் இருபது கிலோவை நெருங்கும். முதியவர் தூக்கிப் போக முடியாது, வழியில் யாரிடமாவது கூலிக்குப் பாதியைக் கொடுப்பார். அதனால் முதல் சுற்றுக்கு மூன்று நாள் அளவே சரி. புரதம் இதில் குறைவு. டின் மீன் சேர்த்தால் அது சரியாகும், அடுப்பில்லாமலும் தின்னலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு, அடுப்பும் விறகும் பாத்திரமும் போன வீட்டுக்கு அரிசி கொடுப்பது. முதல் இரண்டு நாள் பொதுச் சமையலோ, சமைக்க வேண்டாத உணவோதான் சரி. பொதுச் சமையலில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். காலையில் பொங்கியதை மாலைக்கு எடுத்து வைத்தால் மொத்த முகாமுக்கும் வயிற்றுப்போக்கு வரலாம். எண்ணெயைப் பாலித்தீன் பையில் ஊற்றித் தராதீர்கள். ஒன்று கிழிந்தால் பத்துப் பொட்டல அரிசி பாழ்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிக்க மட்டும் என்றால் இரண்டரை முதல் மூன்று லிட்டர். ஐந்நூறு குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 37,500 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி நான்கு நடை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாட்டில் தண்ணீரை நம்பி ஊரை நடத்த முடியாது என்பது விளங்கும். பாட்டில் முதல் நாளுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும்.

ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு கைப்பம்புக்கு 500 பேர், திறந்த கிணற்றுக்கு 400 பேர் என்பது உச்சவரம்பு. வீட்டுக்கு இரண்டு கேன் கொடுங்கள், 10 முதல் 20 லிட்டர் அளவில்: ஒன்று பிடித்துவர, மற்றது சேமித்து வைக்க. சேமிக்கும் கேனின் வாய் குறுகலாக, மூடியோடு இருக்க வேண்டும். அகல வாய் வாளியில் சுத்தமான தண்ணீரை ஊற்றி வைத்தாலும், குவளையோடு கை உள்ளே போகும்போது அது கெட்டுவிடுகிறது. கேனே கொடுக்காமல் லாரித் தண்ணீர் மட்டும் அனுப்பும் அமைப்புகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

குளோரின் எவ்வளவு கலப்பது?

முதலில் கலங்கலைப் போக்குங்கள். சேறு கலந்த நீரில் குளோரின் சேற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. நீரைத் தெளிய வைத்து, நாலாக மடித்த சுத்தமான துணியில் வடிகட்டுங்கள்.

வாசனையோ நிறமோ சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு பிளீச் திரவம் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் கேனுக்கு 2 மில்லி. வடிகட்டியும் கலங்கல் இருந்தால் இரு மடங்கு. கலக்கி, மூடி, 30 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு லேசான குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவை இன்னொரு முறை ஊற்றி, 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் வாடை இல்லை என்றால் அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர் மட்டுமே இருந்தால் நேராகக் கேனில் போடக் கூடாது. 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடரில் 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்நீரை எடுத்தால் அது 1 சதவீதக் கரைசல். அதில் லிட்டருக்கு 10 சொட்டு, 20 லிட்டருக்கு 10 மில்லி, அதே 30 நிமிடம். கரைசலை இருண்ட நிறப் புட்டியில் ஊற்றி நிழலில் வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பவுடரும் அப்படித்தான்: பிரித்து வைத்த பை ஈரக்காற்றிலும் வெயிலிலும் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். போன வருடப் பையில் 30 சதவீதம் இருக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

சோதனைப் பெட்டி கிடைத்தால், வீட்டுக் கேனில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். லாரியில் சோதிப்பதைவிட வீட்டில் சோதிப்பதுதான் உண்மையைக் காட்டும். டீசலோ பூச்சிமருந்தோ கலந்த நீரைக் குளோரினாலும் கொதிக்கவைத்தும் சரிசெய்ய முடியாது.

வெள்ளம் புகுந்த கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது?

குப்பையையும் சேற்றையும் எடுத்து, நீரை இறைத்து, புதுநீர் ஊறியதும் அளவெடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டம், 5 மீட்டர் நீர் என்றால் 15,700 லிட்டர். ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 0.2 சதவீதக் குளோரின் கரைசல் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். இந்தக் கிணற்றுக்கு 30 சதவீதப் பவுடர் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக ஆகும். அதில் கொஞ்சத்தால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் குளோரின் வாடை லேசாகும்வரை இறைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அதன் பிறகு தினசரிக் குளோரினுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். இந்தக் கிணற்றுக்குச் சுமார் 40 கிராம்.

கடல்நீர் புகுந்த கிணறு வேறு விஷயம். அதைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தால் கீழே இருக்கும் உப்புநீர் மேலேறி வரும். ஒருமுறை அளவாக இறைத்து அழுக்கை எடுத்துவிட்டு, மழைநீர் இறங்கி உப்பைத் தள்ளும்வரை காத்திருங்கள். துவைக்கவும் கழுவவும் அந்த நீரைப் பயன்படுத்திக்கொண்டு, குடிநீரை வேறிடத்திலிருந்து கொண்டுவருவதே வழி.

தார்ப்பாய் கொடுத்தோம், ஒரே வாரத்தில் கிழிந்துவிட்டது என்கிறார்கள். ஏன்?

கட்டிய விதம்தான் பெரும்பாலும் காரணம். நிவாரணத் தார்ப்பாயின் வழக்கமான அளவு 4 மீட்டருக்கு 6 மீட்டர். தளர்வாகக் கட்டினால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, அந்த அடியிலேயே நைந்துபோகும். நடுவில் மழைநீர் குளம் கட்டி, பாரத்தில் கிழியும்.

சரியான முறை: நடுவே முகட்டுக் கம்பு வைத்து இரு பக்கமும் குறைந்தது 30 பாகை சரிவு கொடுங்கள். ஓரத்தை ஒரு மரச்சட்டத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, அந்தச் சட்டத்தைச் சேர்த்துக் கூரைக் கட்டையில் ஆணியடியுங்கள். தார்ப்பாயில் நேராக ஆணி அடித்தால் ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலின் தொடக்கம். வேறு வழியே இல்லை என்றால் ஆணித்தலைக்கு அடியில் பாட்டில் மூடியையோ ரப்பர்த் துண்டையோ வையுங்கள். ஓரத்து வளையம் இல்லாத இடத்தில் கயிறு கட்ட, ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாயில் பொதிந்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குங்கள், துளையே வேண்டாம். கூர்மையான தகர விளிம்பும் உடைந்த ஓடும் உரசும் இடத்தில் பழந்துணி சுற்றுங்கள். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டினால்தான் தரை காயும்.

தார்ப்பாயோடு கயிறு, ஆணி, கட்டுக்கம்பி, சுத்தியல், ரம்பம் போகவேண்டும். கருவியைப் பத்து வீட்டுக்கு ஒரு தொகுப்பு என்று சுற்றுக்கு விடலாம். கயிறும் ஆணியும் வீட்டுக்கு வீடு தனித்தனி. ஹையானில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. அந்த அளவில் தச்சர்கள் கிடைக்கவே மாட்டார்கள் என்பதால், தெருவுக்கு இருவருக்கு இந்தக் கட்டும் முறையைச் செய்து காட்டிவிடுவது பொருள் கொடுப்பதற்குச் சமமான வேலை. பறந்துபோன தகரத்தை மீட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் கூரைக் கட்டையைச் சுவரோடும் தூணோடும் பட்டைக் கம்பியால் கட்டாமல் தகரத்தை மட்டும் அடித்தால், அடுத்த காற்றில் கூரை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகும்.

வினியோக நாளில் தள்ளுமுள்ளு வராமல் எப்படி நடத்துவது?

முந்தைய நாள் மாலையே நான்கு விஷயங்களை எழுதி ஒட்டி, ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள்: என்ன பொருள், ஆளுக்கு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி, விடுபட்டவர் யாரிடம் சொல்ல வேண்டும். கூட்டம் பதறுவது பெரும்பாலும் தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தால்தான்.

மேசைக் கணக்கு எளியது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மேசையில் மணிக்கு முப்பது குடும்பம். நானூறு குடும்பத்துக்கு நான்கு மேசை போட்டால் மூன்றரை மணி நேரம். இதைத் தெருவாரியாகப் பிரித்து அழைத்தால் ஒரே நேரத்தில் அறுபது பேருக்கு மேல் நிற்க மாட்டார்கள். நுழைவாசலும் வெளிவாசலும் எதிரெதிரே இருக்கட்டும். வாங்கியவர் திரும்பி வரிசைக்குள்ளேயே நடந்து வெளியேறினால் குழப்பம். முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை. உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும். வர முடியாதவருக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.

சரக்கு மலைபோலக் கண்ணில் படும்படி அடுக்காதீர்கள். அறிவித்த எண்ணிக்கைக்கு ஒரு பொட்டலம் குறைந்தாலும் வாசலைத் திறக்காதீர்கள். பாதியில் தீர்ந்துபோவதைவிட நாளைக்கு என்று ஒத்திப்போடுவது பாதுகாப்பு. குறைவாகவே வந்திருக்கிறது என்றால், யாருக்கு முதலில் என்று காரணத்தோடு அறிவித்துவிட்டு அந்த வகையினருக்கு முழு அளவில் கொடுங்கள். இருபது பொட்டலத்தில் ஒன்றை எல்லோர் முன்னிலும் எடைபோட்டுக் காட்டுங்கள். வண்டி வெளியே போகும் திசையில் நிற்கட்டும். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்து மக்கள் வீடு சேர வேண்டும்.

பொருள் வாங்கும்போது படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். கொடுத்தவருக்குக் கணக்கு வேண்டும் என்றால் கையொப்பப் பட்டியல் போதும்.

பணமாகக் கொடுத்தால் என்ன?

கடை திறந்திருந்து, சரக்கு வந்துகொண்டிருந்து, விலை கட்டுக்குள் இருந்தால் பணம்தான் நல்லது. யாருக்கு எது தேவை என்று அவரவருக்குத்தான் தெரியும். கடையே இல்லாத முதல் வாரத்தில் பணம் கொடுத்தால் விலை ஏறுவதோடு சரி. இடையில் ஒரு வழி, கூலி கொடுத்துத் துப்புரவு செய்ய வைப்பது. ஹையானுக்குப் பிறகு டக்ளோபனில் தைவானின் ஸு சி அறக்கட்டளை ஒரு நாளுக்கு 500 பெசோ கூலி கொடுத்து மக்களைக் கொண்டே குப்பையையும் இடிபாடுகளையும் அகற்ற வைத்தது. உழைக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்குக் கூலி இல்லாத நேரடி உதவி தனியாக வேண்டும். இல்லாவிட்டால் மிகவும் தேவைப்படும் வீடு விட்டுப்போகும்.

பழைய துணி அனுப்பட்டுமா என்று பலர் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிக்க ஆள், வைக்க இடம், பிறகு எரிக்க வேறு ஆள். புதிய உள்ளாடை, போர்வை, சானிட்டரி நாப்கின், சோப்பு கேளுங்கள். சோப்பு மாதத்துக்கு ஆளுக்குக் குளிக்க 250 கிராம், துவைக்க 200 கிராம்.

குழந்தைகளுக்குப் பால் பவுடர்?

பொது வினியோகத்தில் ஒருபோதும் கூடாது. கரைக்க நல்ல தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்கவைக்க எரிபொருள் இல்லை, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிடுவார். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில், இலவசப் பால் பவுடர் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பாலூட்டும் தாய்க்குக் கூடுதல் உணவும் தண்ணீரும், மறைவாக உட்கார ஓர் இடமும் கொடுங்கள். அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்பது தவறான எண்ணம். சுரப்பது சில நேரம் தாமதப்படும், தொடர்ந்து ஊட்டினால் வந்துவிடும். தாய் இல்லாத குழந்தைக்கு மட்டும், சுகாதாரப் பணியாளர் பார்வையில், கிண்ணமும் கரண்டியுமாகப் பவுடர் பால் கொடுக்கலாம்.

பள்ளியிலோ மண்டபத்திலோ தங்க வைத்தால் கவனிக்க வேண்டியவை?

ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம். குடும்பங்களுக்கு இடையே துணித் தடுப்பு. கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்தாழ்ப்பாளும் போகும் வழியில் விளக்கும் இல்லாத கழிப்பறைக்குப் பெண்கள் இரவில் போக மாட்டார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். குழிக் கழிப்பறை கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தனியாக இருக்கும் குழந்தையை யாராவது "நான் சொந்தக்காரர்" என்று அழைத்துப்போக வந்தால், அதிகாரிகளிடம் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

எந்த நோய்களுக்குக் காத்திருக்க வேண்டும்?

முதல் வாரத்தில் காயம், வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு நீரில், வழக்கமாக ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும்; பாதிப் பாதியாகக் கரைத்தால் அளவு தப்பும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் வேண்டும்: நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழ் 10. ஆணி குத்தியவரைக் காயம் சிறிதென்று விடாமல் டெட்டனஸ் ஊசிக்கு அனுப்புங்கள். நெரிசலான முகாமில் தட்டம்மைத் தடுப்பூசி அவசரம்.

வெள்ளத்தில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வரும். 2009 செப்டம்பரில் கெட்சானா சூறாவளி மணிலாவை மூழ்கடித்த பின் இது பெரும் பரவலாகவே வந்தது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம். தடுப்பு மாத்திரையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. கொசுவுக்கு வாரம் ஒருமுறை தேங்கிய பாத்திரங்களைக் கவிழ்த்தால் போதும், புகை அடிப்பதைவிட அதில் பலன் அதிகம்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஜன்னலுக்கு அருகிலோ வைக்காதீர்கள். ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்து இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இறந்தவர் உடல்களால் தொற்றுநோய் பரவுமா?

புயலில் காயத்தாலும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வருவதில்லை. இந்தப் பயத்தில் அவசர அவசரமாகக் கூட்டுக்குழியில் போட்டால், தேடிவரும் குடும்பத்துக்கு அடையாளம் காண வழியே இல்லாமல் போகும். இறப்புச் சான்று, இழப்பீடு, சொத்து எல்லாம் வருடக்கணக்கில் இழுக்கும். கையுறை அணிந்து, முகத்தையும் உடையையும் அணிகலன்களையும் படம் பிடித்து, ஓர் எண் கட்டி, கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் எழுதி, அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். குடிநீர்க் கிணற்றில் உடல் கிடந்தால் மட்டும் கிணற்றை மூடி, மேலே சொன்னபடி சுத்தம் செய்ய வேண்டும்.

புகார்களை எப்படிக் கையாள்வது?

பட்டியலிலோ குழுவிலோ வேலை செய்யாத இருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் குறித்த நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள். விடுபட்ட பெயர் என்றால் மறுநாளே வீட்டுக்குப் போய்ப் பார்த்து பதில் சொல்ல வேண்டும். யாராவது பொருளுக்குப் பதிலாகப் பணமோ வேறெதுவுமோ கேட்டார் என்ற புகார் வந்தால் அது நோட்டில் தங்கக் கூடாது. அந்த ஆளை அன்றைக்கே வேலையிலிருந்து விலக்கி, காவல்துறைக்குச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவரின் பெயர் குழுவுக்குள்ளும் பரவக் கூடாது.

எப்போது நிறுத்துவது?

கடைகள் திறந்து, வேலை கிடைத்து, கிணறும் குழாயும் சரியானதும் பொது உணவு வினியோகத்தை நிறுத்தலாம். ஒரே நாளில் நிறுத்தாமல் இரண்டு வாரம் முன்பே தேதியைச் சொல்லி, முதலில் நல்ல நிலைக்கு வந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள். கூரை, பயிர், படகு, வலை ஆகியவற்றுக்கான உதவி அதன் பிறகும் பல மாதம் ஓடும்; அது பெரும்பாலும் வேறு அமைப்புகளின் கையில் இருக்கும். அவர்களிடம் பட்டியலின் நகல், கையொப்பத் தாள்கள், மீதி இருப்புக் கணக்கு மூன்றையும் எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மிஞ்சிய தார்ப்பாய், கயிறு, கேன்களை விற்காமல் உலர்த்தி, எலி ஏறாத உயரத்தில் அடுக்கி, எண்ணிக்கையைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். குளோரின் பவுடரை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.